ராஜினாமாவுக்கு முன்னும் பின்னும்: ஜம்ருத்பூர் மெட்ரோ விபத்து, 2009

டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று எந்தப் பயிற்சி வகுப்பில் கேட்டாலும் பாம்பன் பாலம், கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று வரிசையாகப் பதில் வரும். மூன்றுமே வெற்றிக் கதைகள். வெற்றியிலிருந்து பாடம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, நடுவில் செய்த ஒவ்வொன்றும் சரியாகவே தோன்றும். அதனால் இங்கே எடுத்துக்கொண்டது அவர் தலைமையில் மிக மோசமாகப் போன ஒரு நாளையும், அதற்கு முன்பும் பின்பும் நடந்தவற்றையும்.

பொதுவாழ்வில் இருந்தவர்களின் பெயர்கள் மட்டும் இதில் வருகின்றன. தளத்தில் வேலை பார்த்தவர்கள், ஒப்பந்த நிறுவனம், வடிவமைப்பு ஆலோசகர்கள் யாருடைய பெயரும் இல்லை.

பின்னணி

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு விட்டங்கள், கடலுக்குள் போயின. பாலத்தை மீட்க ரயில்வே வைத்த கெடு 6 மாதம். மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். களத்தில் பொறுப்பேற்ற 32 வயதுப் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புதுக் கர்டர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல், கடலில் விழுந்தவற்றையே தேடித் தூக்கி மறுபடி பொருத்தியதுதான் அதற்கு வழி. அன்றிலிருந்தே 'கெடுவுக்கு முன்னால் முடிப்பவர்' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1990-களில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து போன கொங்கண் பாதை அந்தப் பெயரை இன்னும் பெரிதாக்கியது.

டெல்லி மெட்ரோவின் முதல் கட்டம் சுமார் 65 கிலோமீட்டர். 1998-இல் தொடங்கி 2005 இறுதியில், கெடுவுக்கு முன்பே முடிந்தது. அரசுத் திட்டம் என்றால் இழுத்தடிப்பு என்று பழகிப்போன நாட்டில் இது பெரிய செய்தி. அப்புறம் வந்தது இரண்டாம் கட்டம். நீளம் ஏறக்குறைய இரட்டிப்பு, 125 கிலோமீட்டர் அளவில். கையில் இருந்த காலமோ முதல் கட்டத்தைவிடக் குறைவு. 2010 அக்டோபர் 3-ஆம் தேதி டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் தொடங்கவிருந்தன. விளையாட்டு விழாவின் தேதியை யாராலும் தள்ளிவைக்க முடியாது.

மெட்ரோவின் அலுவலகங்களிலும் வேலைத்தளங்களிலும் ஒரு எண் பலகை இருக்கும். குறித்த தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று அது காட்டும். தினமும் ஒன்று குறையும். காலையில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போகும் தொழிலாளி முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோர் கண்ணிலும் படும். தலைமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பலகையைப் பாராட்டாமல் விட்டதில்லை. பாராட்டத் தக்கதுதான். ஆனால் அந்தப் பலகையில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. இந்த விஷயத்துக்கு மறுபடி வருகிறேன்.

2008 அக்டோபர் 19-இல், கிழக்கு டெல்லியின் லட்சுமி நகரில் கட்டுமானத்தில் இருந்த பாலப் பகுதி சாலையில் போன பேருந்தின் மேல் விழுந்து 2 பேர் இறந்தனர். மெட்ரோவின் நல்ல பெயரில் விழுந்த முதல் பெரிய அடி அது. அந்த முறை தலைவர் பதவி விலகவில்லை.

67-ஆம் எண் தூணில் தெரிந்தது

மத்தியச் செயலகத்திலிருந்து பதர்பூர் வரை அப்போது கட்டிக்கொண்டிருந்த பாதை தெற்கு டெல்லியின் ஜம்ருத்பூர் வழியாக, தூண்களின் மேல் போகிறது. நெருக்கமான பகுதி. கீழே சாலை, இரு பக்கமும் கட்டடங்கள். இப்படிப்பட்ட இடங்களில் பாதைக்கு நேர் கீழே தூணை நிறுத்த முடியாமல் போகும். அப்போது தூணை ஓரமாக நிறுத்தி, அதன் தலையிலிருந்து ஒரு பக்கம் கை நீட்டுவதுபோல் கான்கிரீட் விட்டம் ஒன்றை வெளியே இழுப்பார்கள். ரயில் பாதை அந்தக் கையின் மேல் உட்காரும். தலையில் குடம் சுமப்பதற்கும், நீட்டிய ஒற்றைக் கையில் அதே குடத்தைத் தாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் சாதாரணத் தூணுக்கும் இதற்கும். கை உடம்போடு சேரும் இடத்தில்தான் பாரம் முழுவதும் வேலை காட்டும். அங்கே கம்பி எவ்வளவு, எப்படி வளைத்துக் கட்டியிருக்கிறது, கான்கிரீட் எவ்வளவு வலுவானது என்பதில் சிறு குறை இருந்தாலும் மற்ற தூண்கள் மன்னிக்கும், இது மன்னிக்காது.

67-ஆம் எண் தூண் இந்த வகை. விபத்துக்கு முன்பே அதில் பிரச்சினை தெரிந்திருந்தது. நீட்டிய பகுதியில் கோளாறு கண்டு, வடிவமைத்தவர்களைக் கேட்டு, சரிசெய்ததாகக் கருதி வேலையைத் தொடர்ந்தார்கள். இது பின்னால் யாரோ கசியவிட்ட தகவலும் இல்லை. விபத்து நடந்த அன்றே ஸ்ரீதரன் செய்தியாளர்களிடம் சொன்னது.

இந்த நிகழ்வின் நடுநாடி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ராஜினாமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்த முடிவைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. தளத்தில் இருப்பவர் பார்வையில் இது எப்படித் தெரிந்திருக்கும்? விரிசல் கண்ணில் பட்டது. மறைக்கவில்லை, மேலே சொன்னார்கள். வடிவமைப்பாளர் பார்த்தார், வழி சொன்னார். சொன்னபடி செய்தார்கள். ஒவ்வொரு படியும் விதிப்படி நடந்தது. அதனாலேயே 'முடிந்தது' என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கும். ஆனால் குறையுள்ள வடிவமைப்பைச் செய்த தரப்பிடமே அதைச் சரிபார்க்கக் கொடுத்தால், முதல் முறை அவர்கள் கண்ணில் படாதது இரண்டாம் முறையும் படாமல் போக வாய்ப்பு அதிகம். வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுக் கணக்கை முதலிலிருந்து போடச் சொல்லியிருந்தால் சில வாரங்கள் போயிருக்கும். சுவரில் இருந்த பலகை அந்த வாரங்களைக் காட்டியிருக்கும்.

அவசரத்தால்தான் இப்படி நடந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நாள் எண்ணும் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு 'இந்தத் தூணை மட்டும் நிறுத்திவையுங்கள்' என்று சொல்ல, நடுமட்டப் பொறியாளர் ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருக்கும் என்று சைட்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

2009 ஜூலை 12, ஞாயிறு அதிகாலை

நகரத்தின் நடுவே பாலம் கட்டும்போது கனமான வேலைகளை இரவில்தான் வைத்துக்கொள்வார்கள். பகலில் போக்குவரத்து விடாது. அன்றும் இரவு ஷிஃப்ட் முடியும் நேரம், அதிகாலை 5 மணியையொட்டி. தூண்களின் தலைமேல் உட்கார்ந்து, முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் துண்டுகளைக் கீழேயிருந்து தூக்கிக் கோக்கும் நீண்ட இரும்புச் சட்டத்தை லாஞ்சிங் கர்டர் என்பார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது 67-ஆம் தூணின் நீட்டிய கை முறிந்தது. லாஞ்சிங் கர்டரும் பாலப் பகுதியும் சேர்ந்து கீழே வந்தன.

6 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் சைட் பொறியாளர், மற்றவர்கள் தொழிலாளர்கள். பத்துக்கும் மேற்பட்டோருக்குக் காயம். ஞாயிற்றுக்கிழமை விடியல் என்பதால் கீழே சாலையில் கூட்டம் இல்லை. வேலை நாளில் இரண்டு மணி நேரம் கழித்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டெல்லிக்காரர்கள் அன்று முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

அன்றைய முடிவு

சில மணி நேரத்துக்குள் ஸ்ரீதரன் செய்தியாளர்களைச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 77. தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகுவதாகவும், கடிதத்தை டெல்லி முதல்வருக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

ஏன் இந்த முடிவு? அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் அவர் வந்த மரபைப் பார்க்கலாம். 1956 நவம்பர் 23 அன்று, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பலவீனமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். அப்போது ஸ்ரீதரன் தெற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆன இளம் பொறியாளர். ரயில்வேக்காரர்களுக்கு அரியலூர் பாடப்புத்தகச் சம்பவம் மாதிரி. அது அவர் மனதில் இருந்திருக்காது என்று நினைப்பது கடினம்.

இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாஸ்திரி அமைச்சர், பாலத்தின் கணக்கு அவர் மேஜைக்கு வராது. ஸ்ரீதரன் பொறியாளர், நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். தூணின் கோளாறு தெரிந்திருந்தது என்று சொன்னவரே அவர்தான். ஆகவே 'தார்மிகப் பொறுப்பு' என்ற பழைய சொல் இங்கே பாதிதான் பொருந்தும். மீதிப் பாதி நேரடி நிர்வாகப் பொறுப்பு. இதை அன்று யாரும் பிரித்துப் பேசவில்லை.

அந்த முடிவின் பலன்கள் இரண்டு விதமாக இருந்தன. தலைவரே 'என் பொறுப்பு' என்று சொல்லிவிட்டால், கீழே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துத் தப்பிக்க வேண்டிய கட்டாயம் தளர்கிறது. கோப்புகள் தானாக வெளியே வரும். பழியைக் கூலித் தொழிலாளி தலையிலோ, இறந்துபோனவர் தலையிலோ கட்டும் வழக்கம் நம் ஊரில் சாதாரணம். இங்கே அது நடக்கவில்லை. இது உண்மையான நன்மை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பெரிய கேள்வி 'ஸ்ரீதரன் இருப்பாரா, போவாரா' என்பதாக மாறியது. தூண் ஏன் முறிந்தது என்பது இரண்டாம் பக்கத்துக்குப் போனது. இறந்த 6 பேரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. ராஜினாமா எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவர் இதை எண்ணிச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் புகழ்பெற்ற ஒருவர் விலகுகிறேன் என்றாலே வெளிச்சம் முழுவதும் அவர் மேல் விழும்.

ஜூலை 13

முதல்வர் ஷீலா தீட்சித் ராஜினாமாவை ஏற்கவில்லை. விளையாட்டுகளுக்கு ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலம்தான் இருந்தது, வேலை முழு வேகத்தில் நடக்கும் நடுக்கட்டம். வேறு முடிவு எடுத்திருந்தால்தான் ஆச்சரியம். ஸ்ரீதரன் பொறுப்பில் தொடர ஒப்புக்கொண்டார்.

அதே நாள் ஜம்ருத்பூரில் இன்னொன்று நடந்தது. தொங்கிக்கொண்டும் கிடந்தும் இருந்த இரும்புச் சட்டத்தை அகற்றக் கிரேன்களை நிறுத்தித் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் கிரேன்கள் சாய்ந்தன. மறுபடி சிலருக்குக் காயம். அந்தக் காட்சி கேமராக்களின் முன்னாலேயே நடந்ததால் நாடு முழுக்கப் பார்த்தது.

விபத்துக்குப் பிந்தைய இந்த இரண்டாவது விபத்தை நிகழ்வின் பின்குறிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது முதல் விபத்துக்குச் சமமான பாடம். உடைந்து தொங்கும் பொருளின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. புதிதாகக் கட்டுவதைவிட இடிபாட்டை இறக்குவதற்கு அதிகக் கணக்குத் தேவை. ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, சாலை அடைபட்டுக் கிடக்கிறது, சீக்கிரம் சுத்தம் செய் என்ற நெருக்கடி எல்லாப் பக்கமும். மேலே தலைவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெளிவில்லாத நேரம் வேறு. அந்த இரண்டு நாளும் தளத்தின் கடைசி வார்த்தை யாருடையது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விசாரணையும் நடவடிக்கையும்

ஐஐடி டெல்லியின் பேராசிரியர் ஒருவர் தலைமையில் 4 பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. மாதங்களை விழுங்காமல் வேலையை முடித்தது. தூணின் நீட்டிய பகுதியின் வடிவமைப்பில் குறை இருந்தது, கான்கிரீட்டின் வலுவும் இருக்க வேண்டிய அளவில் இல்லை என்பது அதன் முடிவு. வடிவமைப்பு மட்டும் தவறியிருந்தால், அல்லது கான்கிரீட் மட்டும் குறைந்திருந்தால், தூண் ஒருவேளை தாங்கியிருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தன.

ஒப்பந்த நிறுவனம், வடிவமைப்பு ஆலோசகர்கள் மீது நடவடிக்கை வந்தது. மெட்ரோவின் சொந்தப் பொறியாளர்களும் தப்பவில்லை. அதே மாதிரிக் கை நீட்டிய மற்ற தூண்களை மறுபடி சோதித்தார்கள்.

ராஜினாமாவை 'நாடகம்' என்று அப்போது சொன்னவர்கள் இருந்தார்கள். ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்தே கொடுத்தார் என்பது அவர்கள் வாதம். அது நாடகமா இல்லையா என்பதை ஜூலை 12-ஐ வைத்துத் தீர்மானிக்க முடியாது. திரும்பக் கிடைத்த அதிகாரத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெளியாள் தலைமையில் விசாரணை, தன் நிறுவனத்தின் ஆட்கள் மீதும் நடவடிக்கை, மற்ற தூண்களின் மறுசோதனை. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் நாடகம் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

பிறகு

அந்தப் பாதையின் பெரும்பகுதி, மத்தியச் செயலகம் முதல் சரிதா விஹார் வரை, 2010 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. விளையாட்டுகள் தொடங்கிய அதே நாள். பதர்பூர் வரை முழுப் பாதையும் 2011 ஜனவரியில் வந்தது. ஸ்ரீதரன் 2011 டிசம்பர் 31 அன்று ஓய்வு பெற்றார்.

கெடு காப்பாற்றப்பட்டது என்பதை வைத்து, ஒரு தூணுக்காகச் சில வாரம் நிறுத்தியிருந்தாலும் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று வாதிடலாம். விபத்துக்குப் பிறகு அந்த இடத்தில் இழந்த காலம் அதைவிடக் குறைவாக இருந்திருக்க முடியாது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

முதலில் அந்தப் பலகை. நாள் எண்ணுவது நல்ல பழக்கம், எடுத்துவிடச் சொல்லவில்லை. பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கட்டும்: தளத்தில் கண்டுபிடித்து, வெளியாள் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் இருக்கும் குறைகள் எத்தனை. முதல் எண் குறைந்துகொண்டே போக, இரண்டாவது எண் நகராமல் நின்றால், திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாராவது ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். தலைவர் தினமும் எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் கீழே உள்ளவர்களும் பார்ப்பார்கள். மென்பொருள் நிறுவனமோ மருத்துவமனையோ, எங்கேயும் இதைச் செய்யலாம். செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, குறையைச் சரிசெய்தவரும் அதைச் சான்றளிப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தாளை வெறுமையிலிருந்து தொடங்கிக் கணக்கு போட வேண்டும். முன்பு போட்ட கணக்கை அவர் கையில் கொடுத்தால் அவரும் அதே தடத்தில்தான் போவார். அது முடியும்வரை அந்த ஒரு இடத்தில் மட்டும் வேலை நிற்கட்டும். பக்கத்துத் தூண்களில் நடக்கட்டும்.

விபத்து நடந்த இடத்தைச் சுத்தம் செய்வது தனி வேலை, அதற்குத் தனிப் பொறுப்பாளர். விசாரணையைச் சந்திப்பவர், செய்தியாளரிடம் பேசுபவர், கிரேன் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சாலையை எப்போது திறப்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் மூன்றாவது ஆளுக்கு இருக்கவே கூடாது.

ராஜினாமாவைப் பொறுத்தவரை, அன்றே பொறுப்பேற்றது சரி என்பதே என் கருத்து. நான் மாற்றுவது வரிசையை மட்டும். முதலில் இறந்தவர்கள் யார், குடும்பங்களுக்கு என்ன ஏற்பாடு. அடுத்து தூணைப் பற்றி இதுவரை தெரிந்தது, எந்த வேலைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. கடிதம் கடைசியில், ஒரு வரியில். கூடவே, முடிவு வரும்வரை தளத்தில் யார் சொல்வது நடக்கும் என்பதும்.

இந்த நிகழ்வைச் சிறு கட்டுமான முதலாளிகளிடம் சொன்னால் நியாயமான ஒரு கேள்வி வரும்: கம்பெனியே என்னுடையது, நான் யாரிடம் ராஜினாமா கொடுப்பது? சரிதான், அவர்களுக்கு அந்த வழி இல்லை. இருப்பதெல்லாம் முன்கூட்டிய வழிதான். விரிசல் தெரிந்த அன்றே தளத்துப் பதிவேட்டில் மேஸ்திரி கையால் எழுதவைத்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, வெளிப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்த இடத்தில் ஆளை ஏற்றாமல் இருப்பது. அந்த நாட்களுக்கான கூலியை மேஸ்திரியின் கணக்கில் பிடிக்காமலும் இருக்க வேண்டும். பிடித்தால் அடுத்த விரிசலை அவர் சொல்ல மாட்டார்.